உப்புவெளியில் வைத்தியர்களுக்கான மூன்று நாள் ஆய்வுச் செயலமர்வு: எந்த அமர்வுக்குப் போகலாம், எதை வீட்டிலேயே பார்க்கலாம்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வெள்ளி காலை தொடங்கி ஞாயிறு மாலை வரை நடந்த ஆய்வு முறைமைச் செயலமர்வு பற்றிய மதிப்பீடு இது. நடத்திய அமைப்பின் பெயரைப் போடவில்லை. இதே நிகழ்ச்சி நிரலைச் சிறு மாற்றங்களோடு வேறு இடங்களிலும் நடத்துகிறார்கள், குறைகளும் பெரும்பாலும் பொதுவானவை. வந்திருந்தவர்களில் மாவட்டப் பொது வைத்தியசாலை, கிண்ணியா, கந்தளாய், மூதூர் வைத்தியசாலைகளின் வைத்திய அதிகாரிகள்தான் அதிகம். எம்.டி. பட்டமேற்படிப்பு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் ரெஜிஸ்ட்ரார்களும், கோணேசபுரி வளாகத்துச் சித்த மருத்துவ விரிவுரையாளர்கள் சிலரும் இருந்தார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பங்குபற்றுநரைக் கையால் கணக்குப் போடவைத்த அமர்வுகளுக்கு 5 இல் 4½. விரிவுரைகளுக்கு 2 கொடுத்தாலே தாராளம். இரண்டும் ஒரே பொதியாக வருவதால் முழுக்கட்டணம் கட்டித்தான் ஆகவேண்டும்.

விரிவுரைகளை ஏன் இப்படிக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்றால், வளவாளர்கள் தெரியாதவர்கள் என்பதால் அல்ல. அதே பாடம் இலவசமாக, இதைவிட நன்றாக, வீட்டிலேயே கிடைக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் கிளினிக்கல் சென்டர் 1995 இலிருந்து மருத்துவ ஆய்வின் கோட்பாடும் நடைமுறையும் பற்றி ஒரு பாடநெறி நடத்திவருகிறது. பதிவு செய்தால் விரிவுரைக் காணொளிகள் முழுவதையும் காசில்லாமல் பார்க்கலாம். ஆய்வு வகைகள், பக்கச்சார்பு, புள்ளிவிபர அடிப்படை எல்லாம் அதில் ஆற அமரச் சொல்லப்படுகின்றன. நிறுத்தி மறுபடி பார்க்கலாம், இரவுக் கடமை முடிந்து வந்தும் பார்க்கலாம். அதன் சட்டம் சார்ந்த பகுதி மட்டும் அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனமான எப்.டி.ஏ.யின் நடைமுறையைச் சுற்றியே ஓடும், அதைத் தாண்டிவிடலாம். இங்கே மருந்துப் பரிசோதனை என்றால் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதிதான் வேண்டும். ஜி.சி.பி. (மருத்துவப் பரிசோதனைகளை நடத்துவதற்கான நன்னடைமுறை) பாடத்தை குளோபல் ஹெல்த் நெட்வொர்க் என்ற இணையத்தளம் சான்றிதழோடு இலவசமாகத் தருகிறது. கட்டுரை எழுதப் பழக ஓதர்எயிட் நடத்தும் இணையப் பாடநெறி போதும்.

இவற்றை முன்கூட்டியே பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தால் முதல் நாள் காலை முழுவதும் மிச்சப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாக ஸ்லைட்டுக்கு மேல் ஸ்லைட். அவற்றில் சில பழையவையும்கூட. எழுமாற்றுப் பரிசோதனைகளை அறிக்கையிடும் கொன்சோர்ட் பட்டியலில் 25 அம்சங்கள் என்று காட்டினார்கள். அது 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு. 2025 பதிப்பில் 30. மனிதரில் செய்யும் ஆய்வின் ஒழுக்கநெறியைச் சொல்லும் ஹெல்சிங்கிப் பிரகடனம் 2024 ஒக்டோபரில் திருத்தப்பட்டதும், ஜி.சி.பி. வழிகாட்டியின் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியானதும் எந்த ஸ்லைட்டிலும் இல்லை. ஆய்வுத் திட்டத்தில் பழைய பதிப்பை மேற்கோள் காட்டினால் மீளாய்வாளர் அதைத்தான் முதலில் வட்டமிடுவார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த மாதிரி அளவு (ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு) அமர்வு வேறு தரம். லெப்டொப்பை மூடச் சொல்லி, மேசைக்கு ஒரு கல்குலேட்டரும் ஒரு தாளும் கொடுத்தார்கள். நல்ல முடிவு. மென்பொருளில் எண்ணைத் தட்டிவிட்டு வரும் விடையை எழுதிக்கொண்டு போகிறவருக்கு அந்த விடை ஏன் வந்தது என்று எப்போதும் தெரியாது.

முதல் கணக்கு, ஒரு நோய் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று அறிவது. 50 சதவீதம் என்று எடுத்து, கூடக்குறைய 5 புள்ளித் துல்லியம், 95 சதவீத நம்பிக்கை ஆயிடை (அதற்குரிய எண் 1.96): 1.96 இன் வர்க்கம் × 0.5 × 0.5, அதை 0.05 இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. மேலே முழுமையாக்கி 385. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்ததில்தான் பாதி மேசைகள் தவறின. 10 சதவீதம் பேர் மறுப்பார்கள் என்றால் 385 ஐ 1.1 ஆல் பெருக்குவதா, 0.9 ஆல் வகுப்பதா? பெருக்கினால் 424. அந்த 424 இல் 10 சதவீதம் கழிந்தால் கையில் 382 தான் மிஞ்சும், இலக்குக்குக் குறைவு. வகுத்தால் 428, அதுதான் சரி. வித்தியாசம் நான்கு பேர்தான், ஆனால் மறுப்பு 30 சதவீதம் ஆகும்போது இந்தப் பிழை ஆய்வையே ஆட்டிவிடும்.

பிறகு கொத்து மாதிரி. கிராம சேவகர் பிரிவுகளை எழுமாற்றாகத் தெரிந்து ஒவ்வொன்றிலும் 20 பேரைப் பார்த்தால், ஒரே ஊரவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதால் 20 பேர் தரும் தகவல் 20 பேருக்கு உரியதல்ல. அந்த ஒப்புமையை அளக்கும் கொத்துக்குள் ஒப்புமைக் குணகம் 0.05 என்றால், மாதிரியை எத்தனை மடங்காக்க வேண்டும் என்று சொல்லும் வடிவமைப்பு விளைவு 1 + (20 − 1) × 0.05 = 1.95. 385 பேர் 751 ஆகிறது, மறுப்பையும் சேர்த்தால் 835. பட்ஜெட் இரண்டு மடங்கைத் தாண்டுவது இந்த ஒரு வரியில்தான். கள ஆய்வுகள் நடுவழியில் பணமின்றி நிற்பதற்கு இந்த வரியை விட்டுவிட்டுத் திட்டம் எழுதுவது ஒரு பெரிய காரணம். மாறாக, கிளினிக்கில் பதிவுள்ளவர்கள் மொத்தமே 1,000 பேர் என்றால் 279 பேர் போதும் என்ற திருத்தத்தையும் போட்டுக் காட்டினார்கள்.

இன்னொரு பொறி: அரிதான நோய். 5 சதவீதம் இருக்கும் என்று நினைக்கும் நோய்க்கும் பழக்கதோஷத்தில் கூடக்குறைய 5 என்று போட்டால் 73 பேர் போதும் என்று வரும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் ஆய்வு முடிவில் கிடைப்பது பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் எங்கோ என்ற விடை. அதைத் தெரிந்துகொள்ள ஆய்வே தேவையில்லை. துல்லியத்தை 2 ஆக்கினால் 457 பேர் வேண்டும்.

இரண்டு குழுக்களை ஒப்பிடும் கணக்கும் செய்தார்கள். குருதி அமுக்கத்தில் நியம விலகல் (பெறுமானங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15, கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு 5, வலு (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம் என்றால் ஒரு குழுவுக்கு 142 பேர். வேறுபாட்டை 2.5 ஆகப் பாதியாக்கினால் 565, நான்கு மடங்கு. இங்கே ஒரு குறை. அந்த 5 ஐ எங்கிருந்து எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து பேரில் செய்த முன்னோட்டத்தில் கண்ட வேறுபாட்டையே எடுத்துப் போடுவது வழக்கமான பிழை. சிறிய மாதிரியில் அந்த எண் தற்செயலாகவே பெரிதாக வந்திருக்கலாம். நோயாளிக்கு எவ்வளவு வேறுபாடு வந்தால் சிகிச்சையை மாற்றுவோம் என்பதிலிருந்துதான் அந்த எண் வரவேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் குழுப் பயிற்சி. இரண்டு தலைப்புகளையும் மாவட்டத்திலிருந்தே எடுத்திருந்தார்கள், அதற்காகவே பாராட்டலாம். ஒரு குழுவுக்குப் பதவிசிறிபுரத்தின் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய். அந்தக் குழு முதலில் எழுதிய திட்டம்: ஒரு சனிக்கிழமை முகாம் போட்டு எல்லோருக்கும் இரத்தத்தில் கிரியட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பார்ப்பது, அதிலிருந்து கணிக்கும் சிறுநீரக வடிகட்டல் வீதம் 60 இற்குக் கீழே போனவர்களை எண்ணுவது. வளவாளர் கேட்ட கேள்வி இரண்டே. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பீர்களா? வயலில் வெயிலில் வேலைசெய்துவிட்டு நேரே வருகிறவருக்கு நீரிழப்பால் கிரியட்டினின் கூடியிருந்தால் என்ன செய்வீர்கள்? நாட்பட்டது என்று சொல்லக் குறைந்தது மூன்று மாதம் அந்த நிலை நீடிக்கவேண்டும். ஒருநாள் முகாம் எண்ணிக்கையை ஊதிப் பெருப்பிக்கும். ஆய்வுகூடம் கிரியட்டினினை அளப்பது ஜாஃபே முறையிலா நொதி முறையிலா என்பதையும் திட்டத்தில் எழுதச் சொன்னார். முறைக்கு முறை பெறுமானம் மாறினால் எல்லையில் நிற்பவர்கள் பக்கம் மாறுவார்கள். இந்த அரை மணித்தியாலம் முதல் நாள் காலை முழுவதையும்விடப் பெறுமதியானது.

மற்றக் குழுவுக்கு 2017 டெங்கு. அந்த ஆண்டு இலங்கையில் 1,86,000 இற்கு மேற்பட்ட சந்தேக நோயாளர்கள் பதிவானார்கள். ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். வார்ட்டுப் பதிவேடுகளையும் பெட் ஹெட் டிக்கெட்டுகளையும் (நோயாளியின் வார்ட்டுக் குறிப்பேடு) வைத்து, டெங்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு இரத்தக்கசிவு ஏற்பட்டது என்று சொல்லலாமா? முடியாது. வார்ட்டில் கிடந்தவர்கள் கடுமையானவர்கள். வீட்டிலிருந்து மாறியவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது அனுமதிக்கும் அளவுகோலே வாரத்துக்கு வாரம் மாறியிருக்கும். அனுமதிக்கப்பட்டவர்களில் இத்தனை சதவீதம் என்று கேள்வியைச் சுருக்கினால் அதே தரவு பயன்படும். கேள்வியைத் தரவுக்கு ஏற்ப வெட்டுவது எப்படி என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தரவுத்தாள் அமர்வுக்கு நேரம் போதவில்லை, ஆனால் செய்தவரை நன்று. ஒரு நோயாளிக்கு ஒரு வரி, ஒரு மாறிக்கு ஒரு நிரல். பெயரும் கிளினிக் இலக்கமும் இந்தத் தாளில் வரவே கூடாது. ஆய்வு இலக்கம் மட்டும் இங்கே. இலக்கத்தையும் பெயரையும் இணைக்கும் திறவுப் பட்டியல் வேறு கோப்பில், கடவுச்சொல்லோடு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வளவாளர் ஞாபகப்படுத்தியது பொருத்தம். கலத்துக்கு நிறம் பூசி அர்த்தம் வைக்கக் கூடாது, எந்தப் பகுப்பாய்வு மென்பொருளும் மஞ்சளை வாசிக்காது. வயது தெரியாவிட்டால் 99 என்று போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை விடுபட்டது என்று அறிவிக்க மறந்தால் வார்ட்டின் சராசரி வயது திடீரென ஏறும். வெறுமையாக விட்டுவிட்டுப் பக்கத்து நிரலில் காரணத்தை எழுதுவது பாதுகாப்பு. திகதியை நாள், மாதம், ஆண்டு என மூன்று நிரல்களாகப் பிரித்தால் ஒருவர் கணினியில் 4 ஆம் மாதம் 5 ஆம் திகதி, இன்னொருவருடையதில் 5 ஆம் மாதம் 4 ஆம் திகதியாக மாறும் வில்லங்கம் இல்லை.

அலகுகள் பற்றி இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். தனியார் ஆய்வுகூட அறிக்கையில் குளுக்கோஸ் 126 மில்லிகிராம் என்றும் இன்னொன்றில் 7.0 மில்லிமோல் என்றும் வரும். இரண்டும் ஒன்றே, வகுக்கும் எண் 18. கிரியட்டினினுக்கு 88.4, ஆக 1.2 என்பது 106. ஒரே நிரலில் இரண்டும் கலந்தால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அலகுக்கென்று ஒரு நிரல் வைத்தால் முடிந்தது. எக்செலின் பழைய கோப்பு வகை 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாததால் 2020 இல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் நோயாளர்கள் பட்டியலிலிருந்து விடுபட்ட கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்கள். நம் ஆய்வுகளுக்கு அந்த எல்லை வராது. வருவது 99 உம் மஞ்சள் நிறமும்தான்.

தரவு சேர்க்கும் கருவியாக ரெட்கெப் என்ற மென்பொருளைப் பரிந்துரைத்தார்கள். நல்லதுதான், ஆனால் அது நிறுவனத்தின் பெயரில் உரிமம் பெற்று நிறுவவேண்டியது, தனி வைத்திய அதிகாரி ஒருவர் நினைத்தவுடன் கிடைக்காது. அதே வேலைக்கான கோபோடூல்பொக்ஸ் கைத்தொலைபேசியில், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலைசெய்யும். குச்சவெளிக்கு அப்பால் கள வேலை என்றால் அதுதான் கைகொடுக்கும். ஏனோ அதன் பெயர்கூட வரவில்லை.

ஒழுக்கநெறிக் குழுவுக்கான கோவை (அனுமதி கேட்டு அனுப்பும் ஆவணங்கள்) அமர்வு பயனுள்ளது, கொஞ்சம் வறட்சி. கோவை திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் அறிவியல் சார்ந்தவை அல்ல: ஆய்வுத் திட்டத்தில் பதிப்பிலக்கமும் திகதியும் இல்லை, ஆங்கிலத் தகவல்தாளில் உள்ள பந்தி தமிழில் இல்லை, வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதிக் கடிதம் இல்லை. இந்த மாவட்டத்தில் தகவல்தாள் தமிழிலும் சிங்களத்திலும் கட்டாயம் வேண்டும். மொழிபெயர்த்ததை ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுவதுதான் முறை. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அது சோதனையே அல்ல. தரவு சேர்த்து முடித்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது என்பதை இரண்டு தடவை சொன்னார்கள், இன்னொரு தடவையும் சொல்லலாம். மருத்துவப் பரிசோதனை (சிகிச்சையை ஆட்களில் சோதிக்கும் கிளினிக்கல் ட்ரயல்) என்றால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் பதிவு செய்யவேண்டும். அதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை, இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006 இலிருந்து இலங்கை மருத்துவப் பரிசோதனைகள் பதிவகம் இயங்குகிறது.

சம்மதம் பெறுவது யார் என்ற விவாதம்தான் சூடானது. மாதக் கிளினிக்குக்கு வந்திருக்கும் அம்மாவிடம், மருந்து எழுதும் வைத்தியரே “சேருவீங்களா அம்மா?” என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். மறுத்தால் அடுத்த மாதம் முகம் கொடுக்கமாட்டாரோ என்ற பயம் இருக்கும். சிகிச்சையில் பங்கில்லாத ஒருவர், மருந்து வாங்கி முடிந்த பிறகு கேட்பதே முறை. ஆளணி இல்லை என்று பலர் முனகினார்கள். நியாயம்தான், ஆனால் ஒழுக்கநெறிக் குழு அதை ஏற்காது.

மூன்றாம் நாள் புள்ளிவிபரம். இங்கேதான் செயலமர்வு சரிந்தது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளின் செயல்முறை விளக்கம் என்று அறிவித்திருந்தார்கள். பாதிப் பேரின் லெப்டொப்பில் அது இல்லை, சிலருடையதில் தவணை முடிந்திருந்தது. ஜமோவி இலவசம், பார்ப்பதற்கும் பழகுவதற்கும் அதைப்போலவே இருக்கும். முதல் நாளே நிறுவச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. மிஞ்சிய நேரத்தில் எந்தப் பட்டனை அழுத்தினால் எந்தச் சோதனை என்று ஓட்டமாக ஓடினார்கள். அதனால் முக்கியமான ஒன்று நழுவிப்போனது. ஒரு குழுவில் 60 சதவீதம், மற்றதில் 40 சதவீதம் பேருக்கு ஒரு விளைவு என்றால் விகிதம் 1.5. மென்பொருள் தரும் ஒட்ஸ் விகிதமோ (விளைவு உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்து, இரு குழுக்களையும் ஒப்பிடுவது) 2.25. அதை எடுத்து ‘இரண்டேகால் மடங்கு ஆபத்து’ என்று எழுதுவது சாதாரணமாகக் காணும் பிழை. விளைவு அரிதாக இருந்தால் இரண்டும் நெருங்கி வரும். நம் கிளினிக் ஆய்வுகளில் விளைவு அரிதாக இருப்பது குறைவு.

நோயறி சோதனை பற்றிய பகுதி மட்டும் தப்பித்தது. உணர்திறனும் (நோயுள்ளவரைப் பிடிப்பது) தனித்தன்மையும் (நோயில்லாதவரை விலக்குவது) 90 சதவீதமான ஒரு சோதனை. ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய். 90 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், நோயில்லாத 900 பேரிலும் 90 பேர் பொசிட்டிவ் ஆவார்கள். பொசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதே சோதனையை, பாதிப் பேருக்கு நோயுள்ள விசேட கிளினிக்கில் செய்தால் 90 சதவீதம். வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டுக் காட்டினார்கள், மண்டபம் விழித்துக்கொண்டது.

கட்டுரை எழுதுதலும் பிரசுரமும் கடைசி. அவதானிப்பு ஆய்வுகளை அறிக்கையிடும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களை வாசித்துக் காட்டுவதில் நேரம் போனது. கையில் தாளாகக் கொடுத்து, ஒரு கட்டுரையை மேசைக்கு மேசை சரிபார்க்க விட்டிருக்கலாம். யார் பெயரைப் போடுவது என்ற கேள்வி எழுந்தபோது ஒரு மென்மையான சிரிப்போடு கடந்துபோனார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: திட்டத்திலோ தரவிலோ உண்மையான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக்கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். வார்ட் யாருடையது என்பது அதில் இல்லை. கொன்சல்டன்ட்கள் முன்வரிசையில் இருந்ததால் இதை உரக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

ஏற்பாடுகள்: சாப்பாடு நன்று, மீன் குழம்பு சிறப்பு. கடல் பக்கக் கண்ணாடியால் பிற்பகலில் திரை வெளிறிவிடும், முன்னால் இடம் பிடிக்கவேண்டும். மின் சொக்கெட் சுவரோரம் மட்டும், நீட்டுவயர் கொண்டுபோகவும். ஒன்கோல் உள்ளவர்கள் வார்ட்டுக்கு ஓடி ஓடி வந்தார்கள். முதல் நாள் பிற்பகலும் இரண்டாம் நாளும் ரோஸ்டரை மாற்றிக்கொண்டால் போதும், மற்றவை தவறினால் நஷ்டமில்லை. மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளியில் அறை விலை ஏறியிருக்கும், வெளியூர் ஆட்கள் நகருக்குள் தங்குவது மலிவு.

பெரிய குறை மூன்று நாளுக்குப் பிறகு வருவது. செயலமர்வு முடிந்ததும் வளவாளருடனான தொடர்பும் முடிந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு மணித்தியாலம் சூமில் கூடி ஒவ்வொருவரின் திட்டத்தையும் பார்த்தாலே இந்தச் செயலமர்வின் பெறுமதி இரட்டிப்பாகும். கேட்டபோது யோசிப்பதாகச் சொன்னார்கள்.

போக நினைப்பவர்கள் வெறுங்கையோடு போகவேண்டாம். ஒரே பக்கத்தில் உங்கள் கேள்வி, யாரைப் பார்க்கப்போகிறீர்கள், எதை அளக்கப்போகிறீர்கள், முடிவில் வரப்போகும் அட்டவணையின் வெற்று வடிவம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். தேநீர் இடைவேளையில் அதை வளவாளரின் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கிடைக்கும் திருத்தம் எந்த விரிவுரையிலும் கிடைக்காது. ஞாயிறு மாலைவரை அதைத் தள்ளிவைக்க வேண்டாம், கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரவு ரயிலுக்காக மூன்று மணிக்கே பையைக் கட்டிவிடுகிறார்கள்.